முதலாண்டுக் கொலு

திருமணம் முடிந்து தனிக்குடித்தனம் புகும் இளையோர்க்கு முதலாண்டில் வரும் பெருநாள் ஒவ்வொன்றும் ஒரு வினாவாக வந்து நிற்கும். வாயிலில் என்ன கோலம் இடுவது? எத்தனை விளக்கு ஏற்றுவது? யார் வீட்டு முறைப்படி செய்வது? பிறந்த வீட்டில் இவ்வினாக்கள் எழுந்ததே இல்லை. அங்கே பாட்டி செய்தாள். அவளைப் பார்த்து அன்னை செய்தாள். பிள்ளைகள் பூப்பறித்துக் கொடுத்தார்கள். விழா தானே நடந்தது. புது வீட்டிலோ சுவரில் ஓர் ஆணிகூட இல்லை. தோரணம் கட்ட வேண்டுமாயின் முதலில் ஆணி அடிக்க வேண்டும்.

தமிழ் மக்கள் இம்முதலாண்டுப் பெருநாள்களுக்குத் தனிப்பெயரே வைத்துள்ளனர். 'தலை' என்னும் சொல் தொடக்கத்தையும் முதன்மையையும் குறிக்கும். ஆதலின் மணமக்களின் முதல் தீபாவளி தலைதீபாவளி என்றும், முதல் பொங்கல் தலைப்பொங்கல் என்றும் வழங்கும். தலைதீபாவளிக்கு மணமக்கள் பெண்வீட்டுக்குச் செல்வர். தலைப்பொங்கலுக்குப் பெண்வீட்டார் புதுப்பானை, பச்சரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள் கொத்து முதலியவற்றைச் சீராகக் கொண்டுவருவர். அன்பினால் தோன்றிய இவ்வழக்கம் நாளடைவில் பல குடும்பங்களுக்குப் பெருஞ்சுமை ஆயிற்று. மாப்பிள்ளைக்கு மோதிரம் உண்டா, பட்டு என்ன விலை, எத்தனை தட்டு வந்தது என்று அண்டை அயலார் எண்ணத் தொடங்கினர். வரதட்சிணைத் தடைச் சட்டம் 1961ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. எனினும், பெண்ணைப் பெற்றவர் கடன்பட்டுத் தலைதீபாவளி நடத்தும் கொடுமை இன்னும் முற்றும் ஒழிந்தபாடில்லை.

இப்பெருஞ்சீர்களுக்கு நடுவே சிறியதொரு சீரும் உண்டு. கொலு வைக்கும் குடும்பங்களில் மணமகளுக்கு அவளுடைய பெற்றோர் ஒரு சோடி மரப்பாச்சிப் பொம்மைகளைக் கொடுத்தனுப்புவர். ஆணும் பெண்ணுமாக நிற்கும் அப்பொம்மைகள் பழங்காலத்தில் செம்மரத்தில் செதுக்கப்பட்டன. கடப்பை, சித்தூர்ப் பகுதி மலைகளில் வளரும் அம்மரம் இன்று அரிதாகிவிட்டது. அதனை வெட்டுதற்கும் விற்றற்கும் கட்டுப்பாடுகள் உள்ளன. ஆகவே வேறு மரங்களிலும் மரப்பாச்சி செய்கின்றனர். பெரும்பாலும் இப்பொம்மைகள் ஆடையும் அணியும் இன்றியே வரும். அவற்றுக்கு உடுத்தி அழகு செய்வது பெற்றுக்கொண்டவர் பொறுப்பு. பழம்பட்டின் ஓரத்துச் சரிகை, தையற்காரர் கழித்த துணித்துண்டு, அறுந்த மாலையின் மணி ஆகியவை போதும். இச்சீரின் நயமே இதுதான் என்று தோன்றுகிறது. தாய்வீடு பாதிப் பொருளைக் கொடுக்கிறது. மீதிப் பாதியைப் புது வீடு தன் கையால் செய்துகொள்ள வேண்டும்.

கொலு எல்லார் வீட்டிலும் உள்ள வழக்கம் அன்று. ஆதலின் அதனைப் பற்றிச் சிறிது சொல்வோம். அரசன் அவையில் வீற்றிருத்தலைக் கொலுவிருத்தல் என்பர். புரட்டாசித் திங்களில் மகாளய அமாவாசைக்கு மறுநாள் தொடங்கும் ஒன்பது இரவுகளில் வீட்டில் படி அமைத்துப் பொம்மைகளை வீற்றிருக்கச் செய்வர். படிகள் மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது என ஒற்றைப்படையில் அமையும். பெட்டி, பலகை, மேசை எதுவாயினும் அடுக்கி வெள்ளை வேட்டியால் மூடினால் அது படியாகிவிடும். மேற்படியில் கலசமும் மரப்பாச்சியும் இருக்கும். நடுவே தெய்வ உருவங்கள். கீழ்ப்படியில் செட்டியார் கடை, திருமண ஊர்வலம், உழவன், பாம்பாட்டி எனச் சிற்றூர் வாழ்வு முழுவதும் வந்து அமரும். மாலைதோறும் அண்டை வீட்டுப் பெண்களும் சிறுவரும் வருவர், சுண்டல் கொடுப்பர். சிறுவர்க்குச் சுண்டலே முதன்மை என்பதை இங்கே மறைக்க வேண்டியதில்லை.

புதுச்சேரிப் பகுதியில் பொம்மைக் கலைக்குக் குறைவில்லை. நகரத்தின் மேற்கே, சங்கராபரணி ஆற்றின் கரையில் வில்லியனூர் உள்ளது. அவ்வூர்ச் சுடுமண் வேலை பெயர் பெற்றது. அதற்கும் வடமேற்கே திருக்கனூரில் காகிதக் கூழால் பொம்மை செய்யும் தொழில் நடைபெறுகிறது. இவ்விரண்டும் புவிசார் குறியீடு பெற்ற கைவினைகள். தெற்கே கடலூர் மாவட்டத்துப் பண்ணுருட்டியும் பொம்மைக்குப் பேர்போன ஊரே. காகிதக் கூழைப் பிரெஞ்சு மொழியில் 'பப்பியே மாஷே' என்பர். மென்ற தாள் என்பது அத்தொடரின் பொருள். வாயில் இட்டு மென்றதுபோல் தாளைக் குழைத்துச் செய்வதால் அப்பெயர் பொருத்தமாகவே உள்ளது. 1954ஆம் ஆண்டு வரை பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரியில் அச்சொல் இன்றும் சிலர் நாவில் வழங்குகிறது. ஆனால் காகிதத்தை ஊறவைத்து வெந்தயத்தோடு அரைத்துக் கூடையும் முறமும் மெழுகுவதைத் தமிழ்நாட்டுப் பாட்டிமார் எவரிடமும் பாடம் கேட்காமலே செய்து வந்தனர்.

இனிப் புதுச்சேரியின் தமிழ்ப்பகுதித் தெரு ஒன்றில் ஒரு புதுக் குடித்தனத்தைக் கற்பனை செய்து கொள்வோம். தெருவை நோக்கித் தாழ்வாரமும் அதற்குள் திண்ணையும் அமைந்த பழைய வீடு. அதில் இரண்டு அறைகள் வாடகைக்கு. கணவன் ஓர் அச்சகத்தில் பணி செய்கிறான். மனைவி தஞ்சைப் பக்கத்துப் பெண். அவள் கொண்டுவந்த பெட்டியில் மரப்பாச்சிகள் பழந்துணியில் சுற்றியபடியே கிடக்கின்றன. ஆவணி பிறந்தது.

"எங்கள் வீட்டில் ஒன்பது படி வைப்போம்," என்றாள் அவள்.

"எங்கள் வீட்டில் கொலு வைத்ததே இல்லை. எங்களுக்குக் கார்த்திகைதான் பெரிது. சிறுவர் எல்லாரும் மாவளி சுற்றுவோம்," என்றான் அவன்.

"மாவளியா? அஃது என்ன?"

அவன் சொன்னான். அவளுக்கு விளங்கவில்லை. ஒன்பது படி என்றால் எத்தனை பொம்மை வேண்டும் என்று அவனுக்கும் விளங்கவில்லை. கடைவீதிக்குச் சென்று விலை கேட்டு வந்தனர். அன்று இரவு அவள் தாய்வீட்டுக்குக் கடிதம் எழுதத் தொடங்கினாள். "பொம்மை வாங்கப் பணம்" என்று எழுதியவள் கையை நிறுத்திவிட்டாள். தலைதீபாவளிக்குத் தந்தை என்ன பாடுபடுகிறார் என்பதை அவள் அறிவாள். தாளை மடித்து வைத்துவிட்டு, "மூன்று படி போதும், ஒரு பொம்மை வாங்குவோம், மற்றவற்றை நாமே செய்வோம்," என்றாள். அச்சகத்தில் கழிக்கும் தாள் ஒரு கட்டு மறுநாள் வீட்டுக்கு வந்தது.

காகிதக் கூழ்ப் பொம்மை செய்யும் முறையை இங்கே சற்று விரிவாகக் காண்போம். தாளைக் கத்தரியால் வெட்டலாகாது. கையால் கிழிக்க வேண்டும். கிழித்தால் நார் வெளிப்படும். நாரே பொம்மைக்கு வலிமை. கிழித்த துண்டுகளை மூன்று நான்கு நாள் நீரில் ஊறவைத்து, நாள்தோறும் நீரை மாற்றி, உரலிலிட்டு இடிக்க வேண்டும். பிறகு நீரைப் பிழிந்து, ஊறவைத்து அரைத்த வெந்தயத்தையும் புளியங்கொட்டைப் பசையையும் சேர்த்துப் பிசைய வேண்டும். சப்பாத்தி மாவின் பதம் வந்தால் நன்று. பூச்சி அரியாமல் இருக்கக் கைவினைஞர் மயில்துத்தம் சிறிது கலப்பர். அது நஞ்சு, சிறுவர் அதனைத் தொடலாகாது. வீட்டில் செய்வோர் அதனை விட்டுவிடுதலே நலம்.

தொழிலாளர்க்கு அச்சுகள் உண்டு. முன்பாதிக்கு ஒன்று, பின்பாதிக்கு ஒன்று. வீட்டில் அச்சுக்கு எங்கே போவது? கொட்டாங்கச்சி தலைக்கு அச்சாகும்; கவிழ்த்த செம்பு உடலுக்கு அச்சாகும். அவற்றின்மேல் எண்ணெய் தடவி, ஈரத்தாள் ஒருசுற்று ஒட்டி, அதன்மேல் கூழை விரற்கடைப் பருமன் அப்ப வேண்டும். நிழலில் உலர்த்துதல் வேண்டும். வெயிலில் வைத்தால் மேற்புறம் முந்திக் காய்ந்து சுருங்கிக் கோணிவிடும். காய்ந்தபின் கத்தியால் இருகூறாக அறுத்துக் கழற்றி, மீண்டும் கூழால் இணைத்து, உப்புத்தாளால் தேய்த்து, சுண்ணத்தூளைப் பசையில் குழைத்துப் பூசி, அதன்மேல் வண்ணம் தீட்டலாம். புதுச்சேரியில் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மழை மிகுதி. ஆகவே ஆவணியிலேயே வேலையைத் தொடங்கியவர் பிழைத்தார். புரட்டாசி நடுவில் தொடங்குவோர் ஈரப் பொம்மையைப் படியில் ஏற்ற வேண்டியிருக்கும்.

நம் இளையோர் செய்த முதற்பொம்மை ஒரு பாட்டி. உலர்த்துவதில் அவசரம் காட்டியதால் மூக்கு ஒருபுறம் சாய்ந்துவிட்டது. வேறு செய்யலாம் என்றான் கணவன். வேண்டாம் என்றாள் மனைவி. வில்லியனூருக்குப் பேருந்தில் சென்று, குயவர் ஒருவரிடம் சுடுமண் குதிரை ஒன்று வாங்கி வந்தனர். இவ்வொன்றும் கட்டாயம் வாங்கத்தக்கதே. எல்லாவற்றையும் நாமே செய்துகொண்டால் தலைமுறை தலைமுறையாக மண் பிசைந்து வாழ்வோர் என்ன ஆவர்? மேலும், தன் கையால் ஒருமுறை பொம்மை செய்து பார்த்தவனுக்கே குயவர் கேட்கும் விலை நியாயமானது என்பது புரியும்.

வாயிலுக்கு மாவிலைத் தோரணமும் தென்னங்குருத்துத் தோரணமும் கட்டினர். வைக்கோற்புரியில் செருகிய மாவிலை நாட்பட்டாலும் எளிதில் அழுகாது. குருத்தோலையில் கிளியும் குருவியும் மடிப்பதற்கு ஒரு மாலைப்பொழுதில் பழகிவிடலாம். ஆனால் மங்கல வீட்டுத் தோரணத்துக்கும் துயர வீட்டுத் தோரணத்துக்கும் மடிப்பில் வேறுபாடு உண்டு. தெரிந்த பெரியோரிடம் கேட்டுச் செய்தல் வேண்டும். கோலத்துக்குப் பச்சரிசியை ஊறவைத்து அரைத்துக் கரைத்து, துணித்துண்டை அதில் தோய்த்துக் கைக்குள் அடக்கி, மோதிரவிரல் வழியே மாவை ஒழுகவிட்டு இழுப்பர். இடும்போது கோடு மங்கலாகவே தெரியும். அரைநாழிகை கழித்துப் பார்த்தால் வெண்மையாகப் பளிச்சிடும். முதன்முறை இடுபவர் கோடு தெரியவில்லையே என்று இருமுறை இழுத்துக் கெடுத்துவிடுவது வழக்கம்.

படியின் பக்கத்தில் ஒரு தட்டில் மண் பரப்பிக் கடுகும் கேழ்வரகும் தூவினால், ஒரு வாரத்தில் பச்சைப்புல் தரைபோல் முளைத்துவிடும். இதே முளைப்பயிரைப் புதுச்சேரியில் மார்கழித் திங்களிலும் காணலாம். கொலு வைக்கும் வீட்டுக்குச் சில வீடு தள்ளிக் கிறித்துமசுக் குடில் வைக்கும் வீடு இருக்கும். வைக்கோலால் கூரை, வண்ணம் தோய்த்துக் கசக்கிய தாளால் பாறை, முளைப்பயிரால் புல்வெளி, மூங்கிற்சிம்பில் தாள் ஒட்டிய விண்மீன் விளக்கு ஆகியவற்றை அங்கே காணலாம். குடிலுக்குள் குழந்தை இயேசுவும் அன்னையும் ஆயரும் ஆடுகளும் இருப்பர். இத்தாலி நாட்டுக் கிரெச்சியோ என்னும் ஊரில் 1223ஆம் ஆண்டில் பிரான்சிசு அடிகள் அமைத்த குடிற்காட்சியே இவ்வழக்கம் பரவக் காரணமாயிற்று என்பர்.

புதுச்சேரியை நெடுங்காலம் ஆண்ட பிரான்சு நாட்டிலும் இதற்கு ஒப்பான ஒரு வரலாறு உண்டு. மிஷன் வீதியில் உள்ள சம்பா கோயில் 1791ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்டது. ஏறத்தாழ அதே காலத்தில் பிரான்சில் புரட்சி மூண்டு, அடுத்த சில ஆண்டுகளில் ஆங்குள்ள தேவாலயங்கள் பல மூடப்பட்டன. கோயிலில் குடில் காண இயலாத மக்கள் அதனை வீட்டுக்குள் கொண்டுவந்தனர். பெரிய சிலைகளை ஏழைமக்கள் எங்ஙனம் வாங்குவர்? மார்சேய் நகரத்து இழான் லூயி இலாஞெல் என்னும் சிற்பி, சிறு பதுமைகளைக் களிமண்ணால் அச்சில் வார்த்துக் குறைந்த விலைக்குத் தந்தார். அவற்றைச் சாந்தோன் என்பர். சிறு புனிதர் என்பது பொருள். பெயர்தான் புனிதர், பதுமைகளில் மீன்காரியும் மாவரைப்போனும் ஆயனும் வியந்து இருகை தூக்கி நிற்கும் எளியவனும் உண்டு. 1803ஆம் ஆண்டில் மார்சேயில் தொடங்கிய சாந்தோன் சந்தை இன்றும் ஆண்டுதோறும் கூடுகிறது. குடும்பங்கள் ஆண்டுக்கு ஒரு புதுப் பதுமை வாங்கித் தம் குடிலில் சேர்க்கின்றன. கொலு வைக்கும் தமிழ்வீட்டில் ஆண்டுக்கு ஒரு புதுப்பொம்மை சேர்ப்பதும் இவ்வாறே அன்றோ? மார்சேய்க் குடிலின் மீன்காரியைப் புதுச்சேரிக் கொலுவின் கீழ்ப்படியில் வைத்தால், செட்டியாரோடு அவள் எளிதில் பேரம் பேசத் தொடங்கிவிடுவாள்.

நவராத்திரியின் ஐந்தாம் நாள் கணவனின் தாயார் ஊரிலிருந்து வந்தார். படியைப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. இளையவளுக்கு நெஞ்சு படபடத்தது. மாலையில் காப்பி குடித்தபின் மாமியார், "நம் குடும்பத்தில் இல்லாத வழக்கம் அம்மா. ஒருமுறை தொடங்கினால் விடக்கூடாது என்பார்களே. ஓராண்டு முடியாமல் போனால் என் செய்வாய்?" என்று கேட்டார். இவ்வச்சம் பலருக்கு உண்டு. இவ்வச்சத்தாலேயே பல வீடுகளில் மரப்பாச்சிகள் பெட்டியை விட்டு வெளிவருவதில்லை.

"முடியாத ஆண்டில் இந்த இருவரை மட்டும் ஒரு மணைமேல் வைப்பேன், அத்தை," என்று அவள் மரப்பாச்சிகளைக் காட்டினாள்.

மாமியார் சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு எழுந்து படியருகே சென்று, "இந்தக் கிழவி யார்? மூக்கு என் மாமியார் மூக்குப்போலவே இருக்கிறது," என்றார். கணவன் உரக்கச் சிரித்துவிட்டான். அதன்பின் அவர் பத்தாம்நாள் வரை தங்கினார். சுண்டலுக்குத் தேங்காய் துருவினார். விசயதசமி இரவு ஒரு பொம்மையைப் படுக்க வைத்த பின், மறுநாள் எல்லாவற்றையும் பழவேட்டியில் சுற்றி, உலர்ந்த வேப்பிலை இட்டுப் பெட்டியில் அடுக்கியவரும் அவரே. பாட்டிப் பொம்மையை எல்லாவற்றுக்கும் மேலே வைத்தார். பெட்டி பரண்மேல் ஏறிற்று. தரையில் வைத்தால் ஈரமும் கறையானும் பற்றும்.

கார்த்திகைக்கு இருவரும் கணவனின் ஊருக்குச் சென்றனர். மாவளி இன்னது என்பதை அங்கேதான் அவள் கண்டாள். ஆண்பனையின் பூக்கதிரை உலர்த்தி எரித்துக் கரியாக்கிப் பொடிசெய்து, பழந்துணியில் நீளச் சுருட்டிக் கட்டுவர். அதனைப் பிளந்த பனைமட்டைகளுக்கு நடுவே பிணித்து, கயிறு கட்டி, முனையில் கனல் இட்டுத் தலைக்குமேல் சுழற்றுவர். பொறிகள் பொன்வட்டமாகச் சிதறும். அதில் காசு கொடுத்து வாங்கிய பொருள் ஒன்றும் இல்லை. மாமியார் கரி இடிக்க, மருமகள் துணியைச் சுருட்டினாள். இருண்ட வயல்வெளியில் முதலில் சிறுவர் சுழற்றினர். பிறகு கணவன் சுழற்றினான். எல்லாரும் வற்புறுத்தவே அவளும் ஒருமுறை சுழற்றினாள்.

மறு ஆண்டு ஆவணியில் மீண்டும் தாள் ஊறியது. இம்முறை செய்த பொம்மை ஒரு சிறுவன். ஒரு கையைத் தலைக்குமேல் தூக்கி நிற்கும் அவன் பிடியில் பனைமட்டைச் சிம்பால் செய்த சிறு மாவளி. முதலில் நூலில் கட்டிப் பார்த்தனர். நூல் துவண்டு தொங்கிவிட்டது. பின்னர் மெல்லிய கம்பியை வளைத்துச் செருகினர். மாவளி சுழல்வதுபோலவே நின்றது. தீப்பொறிக்கு என்ன செய்வது என்று இரண்டு நாள் எண்ணியபின், மனைவி தன் மணப்பட்டின் ஓரத்திலிருந்து சரிகை இழை சிலவற்றை உருவிக் கம்பியின் முனையில் சுற்றினாள். கீழ்ப்படியில், மூக்குச் சாய்ந்த பாட்டிக்குப் பக்கத்தில் அவனை நிறுத்தினர்.